மெத்தைக் கடையில் ஒரு பூனை

ஒரே ஒரு பூனையை வைத்துக்கொண்டு, பட்டப்பகலில், ஒரு கடை நிறைய ஆட்களையும், வாசலில் நின்ற காவலாளியையும், அவர் காலடியில் கிடந்த நாயையும், எதிர்ச் சாரியில் பேருந்துக்கு நின்றவர்களில் பாதிப் பேரையும் தூங்க வைத்தவன் நான். ஊசி போடவில்லை, மருந்து கொடுக்கவில்லை, தாலாட்டுப் பாடவில்லை. இன்னும் சொல்லப்போனால், ஒருவரும் தூங்கிவிடக் கூடாது என்று தொண்டை வறளப் போராடிக்கொண்டிருந்தேன். அந்தப் பூனைகூட அங்கே இல்லை. அது செத்தே பல காலம் ஆகியிருக்கும். நம்பவில்லையா? பரவாயில்லை, என் மனைவியே நம்பவில்லை. இத்தனைக்கும் அவளும் அந்தக் கடையில்தான் தூங்கினாள்.

வேலையில் இருந்த காலமெல்லாம் நான் லிஃப்ட் பழுது பார்த்தவன். நான் சரிசெய்த லிஃப்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவில் போய் இறங்கிக்கொள்ளலாம். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தபோது ஏற்றி இறக்க வேறு எதுவும் கிடைக்காமல், மனைவியின் ரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். என் லிஃப்ட் கதைகளைத்தான் சொல்கிறேன். அவள் காய் நறுக்கும்போது ஒன்று, துணி மடிக்கும்போது ஒன்று. ஒருநாள் மகள் குறுக்கே வந்தாள்.

"அப்பா, இதையெல்லாம் அம்மாகிட்ட சொல்றதுக்குப் பதிலா கேமரா முன்னாடி சொல்லுங்க. நான் வீடியோவா போடறேன். கேக்கறவங்க கேக்கட்டும், அம்மாவுக்காவது விடுதலை."

அப்படிப் பிறந்ததுதான் என் சேனல். பெயர் 'மேலே கீழே'. மகள் பகலில் அலுவலக வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள். சாயங்காலம் என்னை ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார வைப்பாள், சட்டைக் காலரைச் சரி செய்வாள், "பாத்ரூம் போயிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்பாள், பிறகு விரலைக் காட்டுவாள். நான் ஆரம்பித்துவிடுவேன்.

முதலில் மூன்று பேர் பார்த்தார்கள். ஒன்று மகள், இன்னொன்று நான், மூன்றாவதும் நான்தான், மனைவியின் போனிலிருந்து. எனக்கு அதில் வருத்தம் இல்லை. கதை சொல்கிற சுகம் இருந்தது. பயில்வான் ஒருவரும் அவர் மாமியாரும் மாட்டிக்கொண்ட லிஃப்ட், கீழே போகச் சொன்னால் மேலே போன லிஃப்ட் என்று அவிழ்த்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் மகுடமாக அந்தப் பூனைக் கதையையும் சொன்னேன்.

அது வெளியான சில நாளில் மகள் போனை ஏந்திக்கொண்டு ஓடி வந்தாள். "அப்பா! கூட்டம் கூடுதுப்பா! அதுவும் எல்லாரும் கடைசி வரைக்கும் பாக்கறாங்க. இந்தக் கோட்டைப் பாருங்க. பாதியில விட்டுட்டுப் போனா கோடு கீழ இறங்கும். உங்களுது இறங்கவே இல்ல! இப்படி ஒரு கோட்டை நான் யாருக்கும் பாத்ததில்ல."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி வரை பார்க்கிறார்கள்! என் பூனையை, அந்த முடிவை, ஆயிரமாயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள்! மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, என்னதான் எழுதியிருக்கிறார்கள் என்று படிக்க உட்கார்ந்தேன்.

'ஐயா, நீங்க வணக்கம் சொன்னது ஞாபகம் இருக்கு. அப்புறம் கண் முழிச்சா காலைல ஆறு மணி.'

'வருஷக்கணக்கா தூக்கம் இல்லாம கஷ்டப்பட்டேன். இப்ப உங்க வீடியோ போதும்.'

'எங்க குழந்தைக்கு உங்க குரல் இல்லாம தூக்கமே வராது. கதை என்னன்னு தெரியாது, ஆனா சூப்பர்.'

கோடு ஏன் இறங்கவில்லை என்று புரிந்தது. வீடியோவை நிறுத்துவதற்கு ஒரு வீட்டில்கூட ஆள் விழித்திருக்கவில்லை.

"இவங்க யாரும் கதையைக் கேக்கவே இல்லம்மா" என்றேன்.

"அதனால என்னப்பா? எவ்வளவு பேர் வந்திருக்காங்க பாருங்க."

"வந்தவங்க எல்லாம் மட்டையாயிட்டாங்களே!"

"நல்ல விஷயம்தானே?"

போனை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

விடுவேனா? அடுத்த வீடியோவில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டேன். விறுவிறுப்பான இடம் வரும்போது எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்தேன். 'ஐயா, தட்டைத் தட்டாதீங்க, பாப்பா எழுந்துடுச்சு' என்று கோபம் கோபமாகப் பதில்கள் வந்து விழுந்தன. புதிதாகச் சேர்ந்தவர்கள் கொத்துக் கொத்தாக விலகிப்போனார்கள். மகள் அன்று சாப்பிடவே இல்லை. இன்னொரு முறை பூனைக் கதையையே மறுபடி சொல்லி, முடித்துவிட்டு, "இதுவரைக்கும் கேட்டவங்க 'பூனை'ன்னு ஒரு வார்த்தை எழுதுங்க" என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் ஒரே ஒருவர் 'பூனை' என்று எழுதியிருந்தார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அதற்குள் அந்த ஆள் இரண்டாவது வரியையும் எழுதிவிட்டார்: 'எங்க வீட்டுப் பூனையும் தூங்கிடுச்சு ஐயா.'

மகளோ பிழைக்கத் தெரிந்தவள். நான் 'பதினோராம் மாடிப் பயங்கரம்' என்று வைத்த தலைப்பை எடுத்துவிட்டு 'ஐயாவின் அமைதியான குரலில், மழைச் சத்தத்துடன்' என்று மாற்றினாள். என் கதையில் மழையே கிடையாது. லிஃப்டுக்குள் எப்படியம்மா மழை பெய்யும் என்று கேட்டால், "அது மூடுக்குப்பா" என்றாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், மழை சேர்த்த பிறகு கூட்டம் மூன்று மடங்கானது. ஊரில் எனக்குத் 'தூக்க ஐயா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். மருந்துக் கடையில் போய் "தலைவலி மாத்திரை ஒண்ணு குடுங்க" என்றேன். அங்கே நின்ற பெண் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாள். அவளைப் பார்த்து வரிசையில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கொட்டாவி விட, அது கடையைத் தாண்டி, முக்கில் நின்ற போக்குவரத்துக் காவலர் வரைக்கும் போய்விட்டது.

"வளரணும்னா, ஜனங்க எதுக்கு வர்றாங்களோ அதைத்தாம்ப்பா குடுக்கணும்" என்றாள் மகள்.

"அவங்க தூங்க வர்றாங்க."

"அப்ப தூங்க வைங்க."

"நான் என்ன தலையணையா?"

அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "நான் ராவெல்லாம் உக்காந்து வெட்டி ஒட்டிச் சேத்த கூட்டம்ப்பா இது. உங்களுக்கு ஒரு ஆள் கேக்கணும். எனக்கு எல்லாரும் வரணும். ரெண்டும் தப்பில்ல. ஆனா நீங்க மட்டும்தான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறீங்க."

மகளிடம் தோற்றால் எப்போதும் செய்வதையே செய்தேன். மைத்துனன் வீட்டுக்குப் போய்ப் புலம்பினேன்.

மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. வேலையிலும் எனக்கு ஜோடி அவன்தான். லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் இறங்கி அடியில் நின்று பார்ப்பவன் நான். கட்டடத்து உச்சியில் மோட்டார் அறையில் கைப்பிடியைப் பிடித்து லிஃப்டை ஏற்றி இறக்குபவன் அவன். அதனால் கூட வேலை பார்த்தவர்கள் அவனுக்கு வைத்த பெயர் 'மேல்மாடி'. காலியா, நிறைந்திருக்கிறதா என்று அவரவர் சௌகரியப்படி சேர்த்துக்கொள்வார்கள்.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு போன் வயர் மட்டும்தான். அந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. கீழே இருப்பவன் சொன்னதன் கடைசி வார்த்தையை மேலே இருப்பவன் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் காதில் விழுந்தது என்று அர்த்தம். "முடிஞ்சது, விடு" என்று கீழிருந்து குரல் வரும்வரை மேலே இருப்பவன் கைப்பிடியை விட்டு அசையக் கூடாது. இன்னொன்று, யாரும் கத்தக் கூடாது. கத்தினால் வயரில் வார்த்தை உடைந்து போகும். ஆபத்து எவ்வளவு பெரியதோ, குரல் அவ்வளவு நிதானமாக வர வேண்டும்.

இவ்வளவு நெருக்கமாக வேலை பார்த்தவன் என்னை நம்பினானா? ஒரு கதையைக்கூட நம்பியதில்லை. பூனை என்று ஆரம்பித்தாலே, "லிஃப்டுக்கு அடியில பூனையா? அத்தான் கிளப்பிட்டாரு!" என்று எழுந்து போய்விடுவான். அதன் முடிவு என்ன என்று அவனுக்கும் தெரியாது. என் வீடியோ ஒன்றைக்கூட அவன் பார்த்ததில்லை. அவனிடம் இருப்பது பழைய பட்டன் போன்.

அன்றும் அப்படித்தான். "தூங்கறாங்களாம்! போங்கத்தான், வாய்ப்பந்தல். உங்க பூனை மாதிரிதான் இந்தத் தூக்கமும்" என்றான்.

"மச்சான், என் கஷ்டமே அவங்க தூங்கறதுதான்டா. அதையே நீ நம்பலன்னா நான் எங்க போய் முட்டிக்கறது?"

"கண்ணால பாத்தா நம்பறேன்."

அந்த வாரமே அதற்கு வழி பிறந்தது. கடைத்தெருவில் பெரிய மெத்தைக் கடை வைத்திருக்கிற ஒருவர் வீடு தேடி வந்தார். பஞ்சால் செய்த மனிதர் மாதிரி இருந்தார்; சோபாவில் உட்கார்ந்தபோது எது சோபா, எது அவர் என்று தெரியவில்லை.

"ஐயா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் நம்ம கடைக்கு வாங்க. மெத்தையெல்லாம் வரிசையா போட்டுடறேன். ஜனங்க வந்து படுப்பாங்க. நீங்க நேர்ல கதை சொல்லணும். அவங்க தூங்கணும். அதை அப்படியே உங்க சேனல்ல காட்டணும். நமக்கும் விளம்பரம், உங்களுக்கும் கூட்டம்."

மகளின் கண்கள் டார்ச் விளக்கு மாதிரி எரிந்தன. "கண்டிப்பா சார்!"

"ஒரே ஒரு சின்ன விஷயம்" என்றார் மெத்தைக்காரர். "முடிவு மட்டும் வேண்டாம். முடிஞ்சுதுன்னா யாராவது கை தட்டிடுவாங்க, எல்லாரும் எழுந்துடுவாங்க. அப்படியே இழுத்துக்கிட்டே போங்க. மெத்தை நல்லா அமுங்கணும்."

"முடிவு இல்லாத கதையா?" என்று குதித்தேன். "கதவு இல்லாத லிஃப்ட்ல ஏறுவீங்களா நீங்க?"

"நான் படியில ஏறுறதே இல்லங்க, எங்க வீடு கீழ்த்தளம்" என்றார் அவர், ரொம்ப மரியாதையாக.

அவர் போனதும் நான் அறிவித்துவிட்டேன். "ஞாயித்துக்கிழமை பூனைக் கதையைத்தான் சொல்லப்போறேன். முடிவோட சொல்லப்போறேன். ஒரு ஆள், ஒரே ஒரு ஆளாவது முழிச்சிருந்து அதைக் கேக்கலன்னா, அன்னிக்கே சேனலை மூடிடுவேன்."

"அப்பா! இவ்வளவு தூரம் வளத்துட்டு..."

"உன்னையும்தான் வளத்தேன். நீயும் கதை முடியறதுக்குள்ள தூங்குனவதான்."

மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மூடிட்டு என்ன பண்ணுவீங்க? மறுபடியும் எங்கிட்டயா?" அவள் முகத்தில் அப்படி ஒரு பீதியை நான் கண்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளும் கடைக்குக் கிளம்பி வந்தது என்மேல் இருந்த பாசத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். எப்படியாவது முடிவுவரை விழித்திருந்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வந்தாள்.

கடையில் நாற்பது ஐம்பது பேர். மெத்தைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. யார் புரண்டாலும் சரசரவென்றது. செருப்புகள் வாசலில் மலைபோல. மகள் ஒரு மெத்தையின் ஓரத்தில் கேமராப் போனோடு உட்கார்ந்தாள். மனைவி ரோஜாப்பூப் போட்ட மெத்தையில் கைப்பையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள், முறைத்துக்கொண்டே. மேல்மாடி மட்டும் மெத்தை வேண்டாம் என்று, உறை தைக்கும் தையல்காரரின் மரஸ்டூலை இழுத்துப் போட்டுக் கடைசியில் உட்கார்ந்துகொண்டான். "மெத்தைல உக்காந்தா இடுப்பு பிடிக்கும். நான் சும்மா பாக்கத்தான் வந்தேன். யாரு தூங்கறாங்கன்னு எண்ணணும்ல?"

நான் ஒரு திட்டத்தோடுதான் போயிருந்தேன். பூனை வருகிற இடத்தில் மைக்கை வாயோடு சேர்த்துப் பிடித்து, கட்டடமே அதிர, "பூனை!" என்று ஒரு கத்துக் கத்துவது. செத்தவனும் எழுந்து உட்காருவான். பிறகு முடிவைச் சொல்லிவிடலாம்.

ஆரம்பித்தேன்.

பதினோரு மாடி அலுவலகம். எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதிய லிஃப்ட். தினமும் காலையில் ஒரு ஒல்லி மனிதர் வருவார். துடைப்பக்குச்சிக்குச் சட்டை போட்டது மாதிரி இருப்பார். அவர் தனியாக ஏறினாலும் லிஃப்டில் பாரம் அதிகம் என்று மணி அடிக்கும். அவர் இறங்கினால் நின்றுவிடும். ஏழு குண்டர்கள் ஏறினாலும் பேசாமல் இருக்கிற மணி, இவர் காலை வைத்தால் மட்டும் அடிக்கும். ஆபீசே சிரிக்கும். மனிதர் தலையைக் குனிந்துகொண்டு பதினோரு மாடியும் படியேறிப் போவார். மேலே போய்ச் சேரும்போது அவர் நிழல்கூட இன்னும் மூன்றாவது மாடியில்தான் இருக்கும்.

மெத்தைகள் சரசரத்தன. ஒருவர் காலை நீட்டினார்.

எத்தனை தடவை சோதித்தும் கோளாறு பிடிபடவில்லை. கடைசியில் ஒருநாள் அந்த ஒல்லி மனிதரையே, சாப்பாட்டுப் பையோடு, லிஃப்டுக்குள் நிற்கச் சொன்னோம். மைத்துனன் உச்சியில். நான் டார்ச்சோடு குழிக்குள் மல்லாந்து படுத்தேன். லிஃப்டின் தளத்துக்கு அடியில் ஒரு சின்ன விசை உண்டு. பாரம் கூடினால் தளம் தாழ்ந்து அதை அழுத்தும், மணி அடிக்கும். அதை யார் அழுத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டும். "மெதுவா இறக்கு" என்றேன். லிஃப்ட் என்னை நோக்கி இறங்க ஆரம்பித்தது.

இந்த இடத்தில் மெத்தைக்காரர் தன் சொந்தச் சரக்கின்மேல் சாய்ந்தார். விலைச் சீட்டு அவர் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. முதல் குறட்டை அவருடையதுதான். அது துவக்க மணி போல் ஆகிவிட்டது. வரிசை வரிசையாக ஆட்கள் சரிந்தார்கள். இனி தாமதிக்கக் கூடாது. பூனையைக் கொண்டு வந்து கத்திவிட வேண்டியதுதான் என்று மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

கத்த வரவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். ஆனால் லிஃப்ட் இறங்குகிறது, நான் கீழே கிடக்கிறேன், ஆபத்து. இத்தனை வருஷத்துப் பழக்கம் தொண்டையைப் பிடித்துக்கொண்டது. குரல் தானாகத் தாழ்ந்து, நிதானமாகி, எண்ணெய் மாதிரி வழிந்தது. "அங்கே இருட்டுக்குள்ள... இரண்டு... பச்சைக் கண்கள்..." என்றேன். எனக்கே கொட்டாவி வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மனைவி கைப்பையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வாயைத் திறந்து தூங்கினாள். மகளின் தலை தொங்கிவிட்டது. கேமரா மெத்தையில் குப்புற விழுந்து கிடந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே காவலாளி தன் தடியைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினார், நாய் அவர் பூட்ஸில் தலை வைத்திருந்தது. கதவுக்கு மேலே ஒரு ஒலிபெருக்கியை வேறு மாட்டியிருந்தார்கள் பாவிகள். எதிர்ச் சாரியில் பேருந்து வந்து, கதவைத் திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டு போனது. மேலே சுற்றிய மின்விசிறிகூட வேகம் குறைந்து தள்ளாடியது.

இவ்வளவுதானா? வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்த ஒரு கதை. அதைச் சொல்ல ஒரு மைக், கேட்க ஒரு கடை நிறைய ஜனம், அத்தனையும் குறட்டை. போதும், மூடிவிடலாம் என்று மைக்கை மேஜைமேல் வைத்தேன்.

கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பச்சைக் கண்கள்."

மேல்மாடி. ஸ்டூலின் நுனியில் இருந்தான். இரண்டு கைகளும் முன்னால் நீண்டு, இல்லாத ஒரு கைப்பிடியைப் பிடித்திருந்தன. முகத்தில் வேர்வை.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. மைக்கை எடுக்கவில்லை. எங்களுக்கு எதற்கு மைக்? அவனைப் பார்த்துச் சொன்னேன்.

"மச்சான், அது ஒரு பூனை."

அன்று மோட்டார் அறையிலிருந்து "பூனையா? என்னத்தான் சொல்றீங்க?" என்று எதிர்க்கேள்வி கேட்டு, என் உயிரில் பாதியை எடுத்தவன் இவன். இன்று கேட்கவில்லை.

"பூனை" என்றான்.

"லிஃப்டோட அடிச்சட்டத்துல குடித்தனம் பண்ணுது. அந்த ஆளோட பையில வறுத்த மீன். வாசனை வந்தா எழுந்து மூக்கை நீட்டுது. தலை விசைல இடிக்குது. அதுதான் மணி."

"மணி."

"இப்ப என் நெஞ்சு மேல குதிச்சிடுச்சு. லிஃப்டும் வருது. நிறுத்து."

"நிறுத்து" என்றான், கைகளை அப்படியே இறுக்கி.

"நின்னுடுச்சு. என் மூக்குக்கும் லிஃப்டுக்கும் நடுவுல ஒரு தபால்தலை போகும், அவ்வளவுதான். மேல ஏத்து. மெதுவா."

"மெதுவா."

"சட்டத்துக்குள்ள குட்டிங்க இருக்கு மச்சான். பதினேழு குட்டி."

பதினேழு அவனுக்குத் தொண்டையில் சிக்கியது. இருந்தாலும் விழுங்கிவிட்டு, "பதினேழு குட்டி" என்றான்.

"அந்த ஆளு அத்தனையையும் சாப்பாட்டுப் பைல போட்டு வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாரு. அன்னிலேர்ந்து மணி அடிக்கல. படி ஏறுறதில்ல, லிஃப்ட்லயே போனாரு, லிஃப்ட்லயே வந்தாரு. உடம்பு வச்சுது. வச்சுக்கிட்டே போச்சு. ஒருநாள் காலைல தனியா ஏறினாரு பாரு, மறுபடியும் மணி. ஓடிப் போய்ப் பாத்தேன். பூனை இல்ல, ஒண்ணும் இல்ல. அவரு ஒருத்தரே இப்ப ஒன்பது பேரு!"

அவன் வாய் கோணியது. தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரிப்பதற்கு அவன் பட்ட பாட்டில் ஸ்டூல் ஆடியது.

"முடிஞ்சது, விடு" என்றேன்.

"விட்டேன்" என்று சொல்லிக் கைகளைத் தொங்கப் போட்டான். பிறகு பட்பட்டென்று கை தட்டினான்.

மெத்தைக்காரர் பயந்த மாதிரியே, கடை முழுக்க விழித்துக்கொண்டது.

விழித்தவர்களில் ஒருவராவது ஒத்துக்கொண்டாரா? "நான் தூங்கலங்க, கண்ணை மூடிக் கேட்டேன்" என்றார் மெத்தைக்காரர், கன்னத்தில் விலைச் சீட்டோடு. ஆளுக்கு ஆள் அதையே சொன்னார்கள். மகள் பதறிப்போய்ப் போனை எடுத்துப் பார்த்தாள். கேமரா பிடித்திருந்தது முழுக்க மெத்தையின் இருட்டு. "அப்பா, ஒண்ணுமே பதிவாகல! யாரு தூங்கினாங்க, யாரு கேட்டாங்கன்னு எதை வச்சுக் காட்டறது?"

"எல்லாரும் தூங்கினீங்கம்மா. நாய் வரைக்கும் தூங்கிச்சு. ஆனா ஒருத்தன் முழுக்கக் கேட்டான். சேனல் பிழைச்சுது" என்றேன். "ஜனங்க எவ்வளவு வேணாத் தூங்கட்டும், இன்னும் ரெண்டு மழையைச் சேத்துக்கோ. ஆனா கதைக்கு முடிவு உண்டு, எனக்கு முன்னாடி ஸ்டூல் போட்டு உன் மாமாவும் உண்டு."

"ஆரம்பிச்சுட்டீங்களா உங்க புளுகை? நானாவது தூங்கறதாவது!" என்று மனைவி கைப்பையால் என்னை இடித்தாள். பிறகு திரும்பினாள். "டேய் தம்பி, உனக்குத்தான் இவர் பேச்சு எதுவும் செல்லாதே. நீ சொல்லு. இவர் சொல்றது நிஜமா?"

கடையே அவனைப் பார்த்தது. என்னைப் பொய்யன் என்று சொல்லியே வயதானவன். காலரை இழுத்துவிட்டுக்கொண்டான், தொண்டையைச் செருமினான்.

"தூங்கினக்கா. வாயைத் திறந்துக்கிட்டு."

"இந்த மெத்தைக்காரரு?"

"அவரு விட்ட குறட்டைல மெத்தையே சுவர் வரைக்கும் நகந்து போச்சு."

நான் திரும்பிப் பார்த்தேன். மெத்தை இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அப்ப நீங்க மட்டும் ஏன் மாமா தூங்கல?" என்றாள் மகள்.

"உங்கப்பா குரல் இப்படி இறங்கிச்சுன்னா எனக்கு எப்படிம்மா தூக்கம் வரும்? உங்களுக்கெல்லாம் அது தாலாட்டு. எனக்கு, கீழ ஏதோ ஆகப்போகுதுன்னு அர்த்தம். கை தானா கைப்பிடியைத் தேடுது." கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டான். உள்ளங்கை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"சரிடா, அந்தப் பூனை?" என்றாள் மனைவி. "அதுவுமா நிஜம்?"

அவன் என்னைப் பார்க்காமல் தையல்காரரின் ஸ்டூலைத் தூக்கி, இருந்த இடத்தில் ஒழுங்காக வைத்தான்.

"இருந்துச்சுக்கா. அன்னிக்கே எனக்குப் போன்ல மியாவ்னு கேட்டுச்சு. அதை ஒத்துக்கிட்டா, இவரு சொன்ன மத்த எல்லாத்தையும் நம்ப வேண்டி வருமேன்னுதான் பேசாம இருந்துட்டேன்."